பிடிபட்ட பிள்ளை நாளையும் பள்ளிக்கு வர வேண்டும்

(வேங்கிக்காலில் நடந்த ஆசிரியர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களும் ஒன்றாக அமர்ந்திருக்கும் கூட்டம் இது. இரு தரப்புக்கும் பொதுவான, ஆனால் நம் கூட்டங்களில் அதிகம் பேசப்படாத ஒரு செய்தியைப் பேச வந்திருக்கிறேன். நம் மாணவர் ஒருவர் கடையில் ஒரு பொருளை எடுத்துப் பிடிபட்டுவிட்டால், அதற்குப் பிறகு நாம் என்ன செய்ய வேண்டும்?

திருடக் கூடாது என்று சொல்லிக்கொடுக்க நம்மிடம் பாடம் இருக்கிறது. திருக்குறளில் கள்ளாமை என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஆனால் பிடிபட்ட பிறகு அந்தப் பிள்ளையிடமும், பெற்றோரிடமும், கடைக்காரரிடமும், வகுப்பின் மற்ற பிள்ளைகளிடமும் எப்படி நடந்துகொள்வது என்பதற்கு நமக்கு யாரும் பாடம் எடுத்ததில்லை. அந்தந்த நேரத்துக் கோபம் என்ன சொல்கிறதோ அதைத்தான் பெரும்பாலும் செய்கிறோம்.

நம் ஊர் கடைகள் நிறைந்த ஊர். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானவர்கள் நடக்கிறார்கள். கார்த்திகை தீபத்துக்கு வரும் கூட்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை. பாதை நெடுக பொம்மை, வளையல், கீ செயின், தின்பண்டம் என்று தரையில் விரித்த கடைகள். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் இந்த வேங்கிக்காலிலும், சுற்றியுள்ள சிறு ஊர்களிலும், பொருளை நாமே எடுத்துக்கொள்ளும் கடைகள் வந்துவிட்டன.

பழைய மளிகைக் கடையை நினைத்துப் பாருங்கள். பிள்ளைக்கும் மிட்டாய் பாட்டிலுக்கும் நடுவில் ஒரு மேசையும் ஓர் அண்ணாச்சியும் இருந்தார்கள். கேட்டால்தான் கிடைக்கும். இப்போது நடுவில் யாரும் இல்லை. பில் போடும் இடத்தருகே, சிறுவர் கைக்கு எட்டும் உயரத்தில், சாக்லேட் அடுக்கப்பட்டிருக்கிறது. தலைக்கு மேலே கேமரா இருக்கிறது. ஆசையைத் தூண்டும் ஏற்பாடும் பிடிக்கும் ஏற்பாடும் ஒரே இடத்தில் இருக்கின்றன. எடுத்தது தவறு இல்லை என்று நான் சொல்லவில்லை. நம் தாத்தா காலத்துப் பிள்ளைக்கு வராத ஒரு சோதனை இன்றைய பிள்ளைக்கு வருகிறது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

ஒரு சிப்ஸ் பாக்கெட்டின் விலை

2025 மே மாதம் மேற்கு வங்கத்தின் கிழக்கு மேதினிபூர் மாவட்டத்தில், பான்ஸ்குரா பகுதியில் நடந்ததை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். ஏழாம் வகுப்பு மாணவன். கடையில் சிப்ஸ் பாக்கெட் திருடினான் என்று குற்றச்சாட்டு. கடைத்தெருவில் எல்லோர் முன்னிலையிலும் அவனைக் காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போடவைத்ததாகச் செய்திகள் கூறின. விவரம் அறிந்த தாயும் அங்கேயே அவனைக் கண்டித்தார். சில நாட்களில் அந்தப் பிள்ளை தன் உயிரை மாய்த்துக்கொண்டான். தான் திருடவில்லை என்று அம்மாவுக்கு எழுதிவைத்திருந்தான்.

அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம்மில் பலர் அந்த இடத்தில் அதையே செய்திருப்போம். நாலு பேர் பார்க்கும்போது, நம் வளர்ப்பு சரியானது என்று காட்டுவதற்காகப் பிள்ளையை அடிப்பது நம் ஊர் வழக்கம். அந்த அடி பிள்ளையைத் திருத்துவதற்கானது அல்ல, பார்ப்பவர்களுக்கானது.

சரி, அவன் எடுத்தே இருக்கட்டும். சில ரூபாய் மதிப்புள்ள பாக்கெட். திருப்பிக் கொடுத்தால் தீர்ந்துபோகும். தீராமல் நின்றது அவமானம்தான். நான் இன்று சொல்ல வந்ததன் சாரமும் இதுதான்: தவறு செய்த பிள்ளைக்கு விளைவு வேண்டும். அந்த விளைவு, செய்ததைச் சரிசெய்யும் கடமையாக இருக்க வேண்டும். ஊர் பார்க்க நடக்கும் அவமானமாக இருக்கக் கூடாது. அவமானம் பிள்ளையை ஒளிந்துகொள்ளச் செய்கிறது. சரிசெய்யும் கடமை அவனை மீண்டும் நம் முன் நிமிர்ந்து நிற்கச் செய்கிறது.

காந்தியடிகள் சத்திய சோதனையில் தன் இளவயதுத் திருட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். பதினைந்து வயதில், அண்ணனின் தங்கக் காப்பிலிருந்து சிறு துண்டு பொன்னை எடுத்திருந்தார். மனம் உறுத்தவே, அதை ஒரு தாளில் எழுதி, தண்டனையும் கேட்டு, நோயுற்றுப் படுத்திருந்த தந்தையிடம் கொடுத்தார். தந்தை படித்தார், அழுதார், தாளைக் கிழித்துவிட்டார். அடிக்கவில்லை. அந்தத் தாள் கிழிந்தது முக்கியம் என்று எனக்குத் தோன்றும். இன்று நாம் அந்தத் தாளைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இதில் நாம் நினைப்பதைவிடச் சட்டம் பிள்ளையின் பக்கம் கனிவாக நிற்கிறது. சில பகுதிகளையாவது ஆசிரியர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

முதலில் வயது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தை செய்யும் எதுவும் குற்றமே அல்ல. ஏழு முதல் பன்னிரண்டு வயது வரை, தன் செயலின் தன்மையையும் விளைவையும் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி அந்தக் குழந்தைக்கு வந்திருக்காவிட்டால் அதுவும் குற்றமல்ல. பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் இதே நிலைதான். ஆகவே தொடக்கப்பள்ளி ஆசிரியர்களே, உங்கள் வகுப்புப் பிள்ளையைப் பற்றிப் பேசும்போது 'திருடன்', 'திருடி' என்ற சொல்லுக்கு இடமே இல்லை.

பதினெட்டு வயது நிறையாத எல்லோருக்கும் பொருந்துவது, இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015. இது 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி, பிள்ளையைக் காவல் நிலைய லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. குழந்தைகள் நலக் காவல் அலுவலர் அல்லது சிறப்பு இளைஞர் காவல் பிரிவின் பொறுப்பில்தான் ஒப்படைக்க வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகளின்படி, கொடுங்குற்றம் என்ற வகையில் வராத, பெரியவர்களோடு சேர்ந்து செய்யாத செயல்களுக்குப் பிள்ளைமீது முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வதில்லை. பொது நாட்குறிப்பில் எழுதி, பிள்ளையின் குடும்பச் சூழல் பற்றிய அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். கைவிலங்கு கூடாது.

குழுமம் என்ன செய்யலாம்? அறிவுரை கூறிப் பெற்றோருடன் அனுப்பலாம். குழு ஆலோசனைக்கு அனுப்பலாம். சமூக சேவை செய்யச் சொல்லலாம். பெற்றோரை அபராதம் கட்டச் சொல்லலாம். நன்னடத்தைக் கண்காணிப்பில் விடலாம். சிறப்பு இல்லத்துக்கு அனுப்புவது இந்த வரிசையின் கடைசியில்தான் வருகிறது.

அதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. 2022 டிசம்பர் இறுதியில், பொருள் திருடியதாகப் பிடிக்கப்பட்ட தாம்பரம் பகுதியைச் சேர்ந்த 17 வயதுச் சிறுவன், செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் சேர்க்கப்பட்ட சில நாட்களிலேயே இறந்தான். இல்லப் பணியாளர்கள் ஆறு பேர் கைது செய்யப்பட்டார்கள். அதன் பின்னர் இத்தகைய இல்லங்களைச் சீர்திருத்துவது பற்றி ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவைத் தமிழக அரசு அமைத்தது. குழந்தைகளுக்கெனத் தனிச் சட்டத்தை 1920இலேயே, இந்தியாவில் முதலாவதாக இயற்றியது அன்றைய சென்னை மாகாணம். நூறாண்டு கடந்த பிறகும் ஒரு சிறுவன் அப்படி இறக்க நேர்ந்தது என்றால், சட்டம் இருப்பது மட்டும் போதாது, பிள்ளையின் பக்கத்தில் அந்த நேரத்தில் ஒரு பெரியவர் நிற்க வேண்டும் என்றுதான் பொருள்.

இன்னும் இரண்டு பிரிவுகள். பிரிவு 74: விசாரணைக்கு உள்ளான பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என்று அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்திலோ வேறு தகவல் தொடர்பு வழியிலோ வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முடிந்துபோன வழக்கின் பதிவை நடத்தைச் சான்றுக்காகக் காவல்துறை வெளியிடவும் கூடாது. பிரிவு 24: இந்தச் சட்டத்தின் கீழ் கையாளப்பட்ட பிள்ளைக்கு, தண்டனை பெற்றவருக்கு வரும் தகுதியிழப்பு வராது. 'இனி உனக்கு அரசு வேலையே கிடைக்காது' என்று மிரட்டுகிறோமே, அது பிள்ளையை நொறுக்கும் பேச்சு மட்டுமல்ல, உண்மையும் அல்ல.

நம் பள்ளிக்கு உரிய சட்டமும் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் பிரிவு 17 உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடுக்கிறது. பிரிவு 16இன்படி, தொடக்கக் கல்வி முடியும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியை விட்டு வெளியேற்ற முடியாது.

ஒரு சென்ட் பாட்டில்

நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஊர், வகுப்பு ஆகியவற்றைச் சற்று மாற்றியே சொல்கிறேன்.

மாலை ஐந்து மணி. கடையொன்றிலிருந்து போன். "உங்க ஸ்கூல் யூனிஃபார்ம் போட்ட பையன் ஒருத்தன் மாட்டிக்கிட்டான் சார்." எட்டாம் வகுப்பு மாணவன். 199 ரூபாய் உடல் நறுமணத் தெளிப்பான், நம் பிள்ளைகள் மொழியில் சென்ட் பாட்டில், சட்டைக்குள் இருந்தது. வகுப்பாசிரியரை அழைத்துக்கொண்டு போனேன். அவன் அம்மாவுக்கும் சொல்லி அனுப்பினோம்.

கடை வாசலில் அவனை நிறுத்தியிருந்தார்கள். வருவோர் போவோர் நின்று பார்த்தார்கள். கடைப் பணியாளர் ஒருவர் செல்போனில் எடுத்தபடி, "பேர் சொல்லு, ஊர் சொல்லு" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மேலாளர் பொல்லாதவர் இல்லை. அவருக்கும் முதலாளிக்குக் கணக்குக் காட்ட வேண்டிய நெருக்கடி. "ஒருத்தன விட்டா நாளைக்குப் பத்துப் பேரு வருவான் சார். பத்து மடங்கு கட்டச் சொல்லுங்க. இல்லேன்னா ரெண்டு நாள் கடையில வேலை செய்யட்டும்" என்றார்.

நாங்கள் கேட்டது மூன்று. ஒன்று, அவனை வாசலிலிருந்து உள்ளே அழைத்து உட்கார வையுங்கள். இரண்டு, வீடியோவை எங்கள் முன்னால் அழியுங்கள். மூன்று, பொருளின் விலையை வாங்கிக்கொண்டு ரசீது கொடுங்கள். பத்து மடங்கு என்று கடைச் சுவரில் எழுதிவைக்கலாம். அப்படி வசூலிக்கும் அதிகாரத்தை எந்தச் சட்டமும் கடைக்குத் தரவில்லை. பதினான்கு வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைப்பது குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி குற்றம். இதைச் சண்டையாகச் சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னோம். மேலாளர் ஒப்புக்கொண்டார்.

அம்மா வந்தார். வந்த வேகத்தில் கையை ஓங்கினார். வகுப்பாசிரியர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, வீட்டுக்குப் போயும் அடிக்கக் கூடாது" என்றார். அந்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சார், எம் புள்ளைய ஸ்கூல விட்டு நிறுத்திட மாட்டீங்களே?"

மேலாளர் அறையில், கதவைச் சாத்திவைத்து, அவன் தன் வாயாலேயே சொன்னான்: எடுத்தேன், தப்புதான், இனி எடுக்க மாட்டேன். யாரும் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள் அல்ல. அம்மா 199 ரூபாயைக் கொடுத்தார். அந்தப் பணத்தை அவன் அம்மாவுக்குத் திருப்பித் தர வேண்டும் என்று பேசி முடிவானது. வீட்டில் அவனுக்கென்று நான்கு கோழிகள் இருந்தன. முட்டை விற்ற காசில் ஒன்றரை மாதத்தில் கட்டி முடித்தான்.

ஏன் எடுத்தான் என்பது மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதுவும் கேள்வி கேட்டு அல்ல. வகுப்பாசிரியர் அவனோடு நடந்துபோகும்போது தானாக வந்தது. அவன் வீட்டில் மாடு உண்டு. விடியற்காலையில் பால் கறந்து, சாணி அள்ளிவிட்டுத்தான் பள்ளிக்கு வருவான். பக்கத்து இருக்கைப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொள்வார்களாம். தள்ளி உட்காருவார்களாம். கடையில் நடந்த தவறுக்கு வேர் எங்கள் பள்ளியின் ஓர் அறைக்குள் இருந்தது. அதன் பிறகு அந்த வகுப்பில் கேலியைப் பற்றிப் பேசினோம், அவன் பெயரைச் சொல்லாமல். மாட்டை வைத்தே அறிவியல் பாடத்தில் ஒரு செயல்பாடும் நடந்தது.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். வீடியோ அழிக்கப்படும் முன்பே ஓர் உள்ளூர்க் குழுவுக்குப் போய்விட்டிருந்தது. அடுத்த ஓராண்டு, சிலர் அவனைச் 'சென்ட்டு' என்றுதான் கூப்பிட்டார்கள். பத்தாம் வகுப்பு முடித்து, தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்தான். 199 ரூபாயை ஒன்றரை மாதத்தில் அடைத்துவிட முடிந்தது. ஓர் அரை நிமிட வீடியோவை அவனால் அடைக்க முடியவில்லை.

முதல் நாள்

போன் வந்ததும் என்ன செய்வது என்று தொகுத்துச் சொல்கிறேன்.

நேரில் போங்கள். 'அப்பாவை வரச் சொல்லுங்கள்' என்று சொல்லிவிட்டு வைத்துவிடாதீர்கள். மாணவி என்றால் ஓர் ஆசிரியை கட்டாயம் போக வேண்டும். ஆண் பணியாளர்கள் மாணவியின் பையையோ உடையையோ சோதிக்க விடக் கூடாது.

கூட்டத்திலிருந்து பிள்ளையைப் பிரித்து உட்கார வையுங்கள். குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். அடுத்த பேச்செல்லாம் அதற்குப் பிறகு.

எடுத்ததாகவே முடிவு செய்துவிடாதீர்கள். 2021 ஆகஸ்டில் கேரளத்தின் ஆற்றிங்கலில், எட்டு வயதுச் சிறுமியும் தந்தையும் செல்போன் திருடியதாகப் பெண் காவலர் ஒருவர் நடுச்சாலையில் வைத்துக் குற்றம் சாட்டினார். போன் காவல் வாகனத்திலேயே, அவரது பையிலேயே இருந்தது. அந்தச் சிறுமிக்கு 1.5 லட்சம் ரூபாய் இழப்பீடு தர அந்த ஆண்டு டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி உத்தரவிட்டார். ஆகவே பில்லைப் பாருங்கள், கேமராப் பதிவைக் கேளுங்கள், பிள்ளை சொல்வதையும் கேளுங்கள். மிரட்டி எழுதி வாங்க விடாதீர்கள்.

பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம். திறந்துவிட்டிருந்தால் விலையைக் கொடுத்து ரசீது வாங்கலாம். படம், வீடியோ எதுவும் வெளியே போகக் கூடாது என்று அங்கேயே பேசி முடியுங்கள்.

காவல் நிலையத்துக்குத் தகவல் போயிருந்தால், குழந்தைகள் நலக் காவல் அலுவலர் யார் என்று கேளுங்கள். ஒவ்வொரு நிலையத்திலும் ஒருவர் இருக்க வேண்டும். குழந்தைகளுக்குச் சட்ட உதவி இலவசம். சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100. குழந்தைகள் உதவி எண் 1098. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் எண்ணையும் தலைமையாசிரியர் மேசையில் எழுதி வையுங்கள்.

அன்று இரவு மிக முக்கியம். பிள்ளை தனியாக இருக்கக் கூடாது என்று பெற்றோரிடம் சொல்லுங்கள். சாப்பிட வைக்கச் சொல்லுங்கள். 'செத்துப் போ' என்பது போன்ற சொல் வாயில் வரக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்லுங்கள். பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டாலோ, வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னாலோ உடனே 14416 என்ற மனநல உதவி எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். பள்ளிக்கல்வித் துறையின் 14417, மருத்துவ ஆலோசனைக்கான 104 ஆகிய எண்களும் இருக்கின்றன. மறுநாள் காலை நீங்களே வீட்டுக்குப் போன் செய்து, 'நாளைக்கு வகுப்புக்கு வா தம்பி, வாம்மா' என்று சொல்லுங்கள். அந்த ஒரு போன் அந்தப் பிள்ளைக்குப் பள்ளியின் கதவைத் திறந்துவிடும்.

மறுநாள் முதல்

பிள்ளை பள்ளிக்குத் திரும்பும்போது சோதனை நமக்குத்தான். இறைவணக்கக் கூட்டத்தில் பெயரைச் சொல்லாமல் சொல்வதும் பெயரைச் சொல்வதும் ஒன்றே. எல்லோர் தலையும் அவன் பக்கம்தான் திரும்பும். திருட்டு பற்றிய நீதிக்கதையை அந்த வாரம் சொல்லாதீர்கள். அடுத்த மாதம் சொல்லலாம். ஆசிரியர் அறையில் தெரிய வேண்டியவர்களுக்கு மட்டும் தெரியட்டும். சில பெற்றோர் மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பச் சொல்வார்கள். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவரோடு சேர்ந்து அவர்களை உட்கார வைத்துப் பேசுங்கள். வேறு பள்ளிக்கு அனுப்பினால் தவறு திருந்தாது. பிள்ளையோடு சேர்ந்து இடம்தான் மாறும்.

வகுப்பில் ஒரு பேனா தொலைந்தால் முதலில் அந்தப் பிள்ளையின் பையைத் திறக்காதீர்கள். நூறு அறிவுரையைவிட இது பெரிய உதவி. முன்பு அவனிடம் கரும்பலகைப் பொறுப்போ நூலகப் பொறுப்போ இருந்தால் அது அவனிடமே இருக்கட்டும். உங்களால் முடியுமென்றால், கடைக்குப் போய்ச் சாக்பீஸ் வாங்கிவர ஒரு நாள் அவனிடமே பணம் கொடுத்து அனுப்புங்கள். மீதிச் சில்லறையை எண்ணாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

காரணத்தைத் தேடுவதும் நம் வேலை. ஒரு பிள்ளை பசியால் எடுக்கும். ஒரு பிள்ளை நண்பர்களின் சவாலுக்காக எடுக்கும். மாதவிடாய் அணையாடைக்குக் காசு கேட்கக் கூசி எடுத்த மாணவிகளும் உண்டு. புதுயுகம் திட்ட அணையாடை நம் பள்ளியில் கேட்காமலேயே கைக்குக் கிடைக்கிறதா என்று பாருங்கள். சார்ட், ஸ்கெட்ச் பேனா வாங்கி வா என்று வகுப்பில் சொல்லும்போது, வாங்க முடியாத பிள்ளைகள் யார் என்று முன்பே யோசியுங்கள். காரணம் வேறு வேறு என்பதால் மருந்தும் வேறு வேறு.

'மறுபடியும் எடுத்தால்?' என்று கேட்பீர்கள். எடுக்கலாம். அப்போது இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். பிள்ளையை அனுப்பித் திருடவைக்கும் பெரியவர் பின்னால் இருக்கக்கூடும். அப்படிப் பிள்ளைகளைப் பயன்படுத்துபவருக்கு இளைஞர் நீதிச் சட்டம் ஏழு ஆண்டு வரை கடுங்காவல் விதிக்கிறது. வீட்டில் வேறு துன்பம் இருக்கலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் மனநல ஆலோசகருக்கும் அழைத்துச் செல்லும் நேரம் அது. ஒவ்வொரு முறையும் பொருளையோ விலையையோ பிள்ளை திருப்பித் தந்தே ஆக வேண்டும். கனிவு என்பது விளைவை ரத்து செய்வது அல்ல. விளைவை அந்தப் பிள்ளை சுமக்கக்கூடிய எடையில் வைப்பதுதான் கனிவு.

அடுத்த பௌர்ணமிக்கு முன் மூன்று வேலைகள் செய்யலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பள்ளியைச் சுற்றியுள்ள ஐந்து கடைகளுக்குப் போங்கள். எங்கள் பிள்ளை யாராவது பிடிபட்டால் அடிக்காதீர்கள், படம் எடுக்காதீர்கள், எங்களை அழையுங்கள், உங்கள் பணத்துக்கு நாங்கள் பொறுப்பு என்று சொல்லி எண்ணைக் கொடுங்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் நம் பழைய மாணவர்கள்தான், கேட்பார்கள். அடுத்து, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைப் பெற்றோரிடம் ஒருமுறை பேசுங்கள். ஒரு பிள்ளை பிடிபட்ட பிறகு பேசுவதைவிட யாரும் பிடிபடாத நாளில் பேசுவது எளிது. மூன்றாவது, வகுப்புப் பிள்ளைகளிடமே சொல்லுங்கள்: தப்பு நடந்துவிட்டால் முதலில் என்னிடம் வா, நான் உன்னோடு கடைக்கு வருகிறேன்.

அந்த வாக்குறுதியை நம்பி ஒரு பிள்ளை வந்து நிற்கும் நாளில், நாம் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு அவனோடு நடக்க வேண்டும்.